பெரட்டில் பதினான்கு பேர்

தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோருக்குத் தலை எண்ணுவதுதான் வேலை. ஒரு தலை குறைந்தாலும் சோறு இறங்காது என்பது இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்த அன்று கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்தில், காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்தபோது நின்றவர்கள்: என்னோடு சேர்த்துத் தமிழர் ஆறு பேர், நேப்பாளிகள் மூவர், வங்காளதேசிகள் மூவர், பர்மாவின் அரக்கானிலிருந்து வந்த கரீம், அவன் மனைவி நூரு. ஆகப் பதினான்கு. மதியத்துக்குள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். ராணுவ லோரி வந்து ஏற்றிப்போகும் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது.

மாரியம்மாவின் தேநீர்

செய்தி கேட்டதும் மாரியம்மா மிச்சமிருந்த கேஸில் ஒரு பானை தேநீர் போட்டாள். முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு என்றேன்.

"நனைஞ்சுக்கிட்டு வர்ற பிள்ளைங்கண்ணே. யாரு பெத்ததா இருந்தா என்னலா."

சலவைச் சட்டை

நேப்பாளி பகதூர் பெட்டியைத் திறந்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். கல்யாணத்துக்கா போகிறாய் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே சொன்னான்:

"பூகம்பத்துல எங்க அம்மாவ மண்ணுக்குள்ள இருந்து தூக்கினது பட்டாளந்தான், மண்டோர்."

வங்காளதேசி ரஃபீக் அவ்வளவு தூரம் போகவில்லை.

"தண்ணி வந்தப்ப வந்தா நல்லவங்க. சும்மா ரோட்டுக்கு வந்தா, கடைய மூடிட்டு வீட்டுக்குப் போயிடணும்."

கரீமின் பாய்

கரீம் பாயைச் சுருட்டினான். மேட்டிலுள்ள உர ஸ்டோருக்குத் தண்ணீர் ஏறாது, நாங்கள் அங்கே இருந்துகொள்கிறோம் என்றான். நூருவுக்கு ஏழாம் மாதம். இந்த ஊர்ப் பட்டாளத்துப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, நான் கூடவே இருப்பேன் என்று மூன்று முறை சொன்னேன். அவன் குரல் உயரவில்லை.

"எங்க ஊருக்கும் லோரிலதான் வந்தாங்க. வீட்ல ஒன்பது பேரு இருந்தோம். நான் ஒருத்தன்தான் மிச்சம்."

என் வாய்

வந்தவர்கள் தங்கமான பிள்ளைகள். தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்கள். ஆபீஸ் கொடுத்த கணக்குப்படி பதினான்கு மிதவைச் சட்டை இறக்கினார்கள். எத்தனை பேர் என்று கோப்ரல் கேட்டான். முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. பதினான்கு, இரண்டு குறைகிறது என்றேன். கை தானாக மேட்டைக் காட்டியது.

நான்கு பேர் விசில் ஊதிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டோரில் பாய் மட்டும் விரித்தபடி கிடந்ததாம். பின்பக்கப் பாதை ஆற்றை நோக்கி இறங்குகிறது. அங்கே கழுத்தளவு தண்ணீர். ஒரு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பிய கோப்ரலின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாமா முறை வைத்து மலாயில் கேட்டான்:

"உதவத்தானே வந்தோம், பாக்சிக். எங்களைப் பார்த்து ஏன் ஓடினாங்க?"

இன்றுவரை உடலும் இல்லை, செய்தியும் இல்லை. கணக்குப் பிசகாத மண்டோர் என்று பேர் வாங்கிய நான் அந்த ஒரு நாள் பன்னிரண்டு என்று பிசகியிருக்கக் கூடாதா. மிஞ்சிய மிதவைச் சட்டை இரண்டு.