கடைக்குப் பின்னால் இருந்த தாய்

எனக்கு நாய் என்றாலே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, 'ரஜனி நாய்க்காக உருகிவிட்டாள்' என்று யாரும் கதை கட்டக் கூடாது. நான் சொல்லப்போவது என் பக்கத்து வீட்டு அழகாயியைப் பற்றி.

அழகாயி மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, கல்யாண வீட்டில் அண்டா கழுவுவது வரை செய்யாத வேலை இல்லை. கடைசியில் பலாபத்வலயில் மெயின் ரோட்டோரம் பிரதீஷ் என்பவன் நடத்தும் நாய்க்குட்டிக் கடையில் சேர்ந்தாள். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பொமேரியன் குட்டிகள், கழுத்தில் சிவப்பு ரிப்பன். பார்க்கிறவர்கள், "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்று வாயைப் பிளப்பார்கள். பின்னால் தகரக் கூரைக்குக் கீழே கம்பிக் கூடுகள், அவற்றில் குட்டி போடுகிற நாய்கள். அதை யார் போய்ப் பார்த்தார்கள்?

வருகிறவர்களில் விவரமானவர்கள், "தாய் நாயைக் காட்டுங்க" என்பார்கள். அதற்கென்றே பிரதீஷ் ஒரு நாய் வைத்திருந்தான். பெயர் ராணி. ஒரு குட்டிகூடப் போட்டதில்லை. வீட்டுக்குள் மெத்தையில் படுத்திருக்கும். எந்தக் குட்டியை விற்றாலும் ராணிதான் தாய். ஆனால் குட்டிகள் ராணியிடம் ஓட வேண்டுமே? அதற்காக, கூட்டில் உண்மையான தாய் படுக்கும் சாக்கை எடுத்து ராணியின் உடம்பில் தேய்த்துவிட்டுத்தான் அழகாயி அதை வெளியே கொண்டுவருவாள். வாசனையை நம்பிக் குட்டிகள் ஓடும். வந்தவர்கள் போனில் படம் எடுப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை!

"இது பாவமில்லையாடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பாவந்தான் ரஜனி. நான் போகாட்டி அந்தக் கூடுங்களுக்குத் தண்ணி வைக்கவும் ஆளில்ல" என்றாள்.

அந்தக் கூடுகளில் ஒன்றில் இருந்தது ஒரு வெள்ளை நாய். வருஷக்கணக்காகக் குட்டி போட்டு மடி தொங்கிவிட்டது. கம்பி மேலேயே நின்று நின்று கால்விரல்கள் அகன்றுபோயிருந்தன. குட்டிகள் பால் மறக்கும் முன்பே முன்கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அழகாயி முன்கடையைக் கூட்டிவிட்டுப் பின்னால் வந்ததும் அது கம்பிக்குள் மூக்கை நீட்டி, அவள் சேலை ஓரத்தை முகர்ந்து முகர்ந்து பார்க்கும். குட்டிகளின் வாசனை அதில் இருக்கும். அதற்குப் பிறகுதான் சோற்றில் வாய் வைக்கும். இதைச் சொல்லும்போது அழகாயி அழுதாள்.

போன மாசம் பிரதீஷ் அவளிடம், "இதுக்கு இனி குட்டி நிக்காது. இந்தக் குட்டிங்க வித்ததும் நாவுலப் பக்கம் காட்டோரமா விட்டுட்டு வந்துருவோம்" என்றிருக்கிறான்.

"ஏன் தம்பி, எனக்குக் குடுங்களேன். நான் வச்சுக்கிறேன்."

"பைத்தியமாக்கா ஒங்களுக்கு? டவுன்ல யாராச்சும் பாத்து, இதுதான் தாய்னு தெரிஞ்சா என் யாவாரம் என்னாகிறது?"

கம்பியைத் தவிர வேறொன்றையும் மிதித்தறியாத நாய் காட்டில் எப்படித் தாங்கும்? அன்றிலிருந்து அழகாயிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, டவுனில் படிப்பிக்கும் டிலானி மிஸ் குட்டி வாங்க வந்தார். மிஸ் வருகிறார் என்றதும் பிரதீஷுக்குத் தலைகால் புரியவில்லை. அழகாயி சாக்கால் தேய்த்து வைத்திருந்த ராணியைத் தானே தூக்கிப்போய், ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, பவுடரும் பூசிக் கொண்டுவந்தான். புத்திசாலி! சாக்கின் வாசனை ஷாம்பூவோடு போய்விட்டதை அழகாயி அவனிடம் சொல்லவில்லை.

குட்டிகளைத் திறந்துவிட்டார்கள். ஒன்றுகூட ராணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை நாயின் கூட்டைக் கழுவிவிட்டு வந்து நின்ற அழகாயியிடம் ஓடிவந்து, சேலையில் முகத்தை முட்டி முட்டிப் பால் தேடின.

"என்னக்கா இது, தாய விட்டுட்டு ஒங்ககிட்ட வருது?" என்றார் மிஸ்.

பிரதீஷ் கண்ணைக் காட்டினான். 'சோறு வைக்கிற கை, அதான்' என்று சொன்னால் போதும். ஒரு குட்டிக்கு நல்ல வீடு கிடைக்கும், இவளுக்கு வேலையும் தங்கும். வெள்ளை நாய் மட்டும் காட்டுக்குப் போகும்.

"இது தாய் இல்ல மிஸ். தாய் பின்னால கூட்டில இருக்கு. வந்து பாருங்க" என்றாள் அழகாயி.

மிஸ் போய்ப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே! சரி, ஒரு குட்டியயாவது நான் கொண்டுபோய்க் காப்பாத்துறேன்."

"வேணாம் மிஸ். நீங்க வாங்கினா அந்தக் கூட்டுக்கு இன்னொரு தாய் வரும்."

இதைச் சொன்னபோது ஒரு குட்டி அவள் கையைத்தான் நக்கிக்கொண்டிருந்ததாம். மிஸ் வெறுங்கையோடு போனார்.

பிரதீஷ் குதித்தான். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியா? இனி இந்தப் பக்கமே வராத! அந்தக் கெழட்டு நாயயும் தூக்கிக்கிட்டு ஓடு!"

கோபத்தில் விட்ட வார்த்தை. அழகாயி அதை மாரியம்மன் கொடுத்த வரமாகப் பிடித்துக்கொண்டாள். அவன் மனம் மாறுவதற்குள் நாயைச் சாக்கோடு அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் நாயை ஏற்றுவார்களா? நல்லகாலம், எங்கள் தெரு றம்ஸி தன் த்ரீவீலில் வந்தான். நாயைப் பார்த்ததும் தயங்கினான். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. பிறகு, "ஏறுங்கக்கா. வாயில்லாச் சீவன். கழுவுறதுதானே, கழுவிக்கலாம்" என்றான். அன்று அந்தி நேரம் அவன் வாளியும் மண்ணுமாக வண்டியைக் கழுவினான். நான்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

அந்த நாய்க்கு மண்ணில் நடக்கத் தெரியவில்லை. முற்றத்தில் இறக்கிவிட்டதும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது. இப்போது நடக்கிறது, என் கோழிகளைக்கூடத் துரத்துகிறது, சனியன். பிரதீஷின் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. குட்டிகள் யார் யாரிடம் போயினவோ.

அழகாயி இப்போது பல்லேபொலயில் மிளகு காயவைக்கப் போகிறாள். அவள் வீடு திரும்பியதும் நாய் ஓடிவந்து சேலை ஓரத்தைத்தான் முகர்கிறது. மிளகுத் தூள் ஏறித் தும்முகிறது. மறுபடியும் முகர்கிறது. நேற்று அழகாயி அப்படியே வாசலில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி. ஒண்ணையும் கொண்டுவர முடியல. ஒன்ன மட்டுந்தான் முடிஞ்சிச்சு."

நாய் தலையை விடுவித்துக்கொண்டு, சேலையின் மற்ற ஓரத்தையும் முகர்ந்து பார்த்தது.