டென்ட் கொட்டகை மணல்

திரையில் மந்திரவாதி ஒரு குழந்தையின் தலையை வெட்டினான். ரத்தம் பீறிட்டது. தியேட்டரே விசிலடித்தது, பக்கத்தில் என் பேரனும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1940களில், நான் சிறுவனாக இருந்தபோது, திருத்தணி டென்ட் கொட்டகையிலும் இப்படியொரு மாயாஜாலப் படம். பீடிப் புகையும் வறுத்த வேர்க்கடலை வாசனையும். பூதத்துக்குப் பலியாகக் குழந்தைமேல் கத்தி இறங்கியதும் ஆண்கள் பக்கம் கைதட்டிச் சிரித்தது. அம்மா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். தரை மணலை இரு கையாலும் வாரி, சாபமிட்டு அவர்கள்மேல் தூற்றினாள்.

“சினிமாதாம்மே, நெசமில்ல. உக்காரு!” தடுப்புக்கு அப்பாலிருந்து நைனா கத்தினார்.

“வெட்னது பொய்யி. நீங்க சிரிச்சிகினு கீறீங்களே, அது நெசந்தானே?”

இன்று நானும் எழுந்து நின்றேன்.

“பெரிசு, மறைக்குது, உக்காரு” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

குனிந்து பார்த்தேன். காலடியில் கம்பளம்தான் இருந்தது. வாரித் தூற்ற ஒரு பிடி மண் இல்லை.