ஏற்றத்தில் நின்ற வேன்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய நேரம். கந்தப்பளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் இது நடந்தது.

நான் கந்தப்பளையில் கரட் கிழங்கு கழுவுகிற ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். காலையில் இருந்து பின்னேரம் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கிற வேலை. அந்தத் தண்ணீரின் குளிரை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றினால் கால் இரண்டும் யாருடையதோ மாதிரி வெளுத்துப்போய்க் கிடக்கும். அந்தக் கால்களோடு மலை ஏறினால்தான் வீடு.

எங்கள் தோட்டத்துக்கு பஸ் கிடையாது. ஒரே ஒரு வேன். வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருக்கிற ஓர் அண்ணனுடையது. காலையில் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்களை இறக்கிவிட்டு, பின்னேரம் கடைத்தெருவில் இருந்து ஏற்றிக்கொண்டு வருவார். மிகப் பழைய வேன். ஏற்றத்தில் அது விடுகிற புகையை வைத்தே வேன் எந்த வளைவில் வருகிறது என்று வீட்டு வாசலில் இருந்து சொல்லிவிடலாம். ஒரு நாள் அது பாதி வழியில் நின்றே போனது. அண்ணன் என்ஜினைக் கழற்றி ஒரு கராஜில் கொடுத்தார். உள்ளே இருந்த தேய்ந்த சாமான்களை எல்லாம் எறிந்துவிட்டு, புதிது போட்டு எடுத்து வந்தார். நாங்கள் எல்லோரும் கோயிலடியில் கூடி, வேன் சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தோம். இனிக் கஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தோம்.

தேங்காய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் விஷயத்தைச் சொன்னார். புது என்ஜினைக் கொஞ்ச நாள் பழக்க வேண்டுமாம். அதை மெதுவாக ஓட்ட வேண்டும், முறுக்கி ஓட்டக் கூடாது, ஏற்றத்தில் பாதிப் பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுக்கக் கூடாது, ஒரு தரம் மலை ஏறினால் நன்றாக ஆறவிட வேண்டும் என்று என்ஜினைப் பூட்டிய கராஜ் பாஸ் கட்டளை போட்டு அனுப்பியிருக்கிறார். இப்போது அவசரப்பட்டால் போட்ட சாமான் எல்லாம் வீண் என்று பயங்காட்டியும் இருக்கிறார்.

"பச்ச ஒடம்புக்காரி மாதிரிதான் பாத்துக்கணும். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க" என்றார் அண்ணன்.

எங்களோடு வேனில் வருகிற மேல்லயத்து அக்கா ஒருவர் இருக்கிறார். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். அவருடைய வாய்க்கு தோட்டத்தில் எல்லோரும் பயம். அவர் உடனே சொன்னார்: "பச்ச ஒடம்பா? நான் நாலு பெத்தேன். ஒரு தடவ கூட என்னைய யாரும் இப்புடிப் பாக்கல. ஒங்க என்ஜின் குடுத்து வச்சது."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாதிப் பேர் நடக்க வேண்டும் என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. காலையில் இறக்கம், அதனால் எல்லோரையும் நெருக்கி ஏற்றிக்கொள்வார். பின்னேரம்தான் பிரச்சினை. அந்த அக்காவே முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தார். இன்றைக்கு ஒரு பாதி வேனில் போனால், நாளைக்கு மறு பாதி. நடக்கிற பாதி, தேயிலைக்குள்ளே ஏறுகிற குறுக்குப் பாதையால் போகலாம்.

எனக்குச் சின்ன வயதில் இருந்தே நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் வராது. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். என் முறை முதலில் வந்த அன்று, மேல்லயத்து அக்கா கோதுமை மா மூட்டையோடு வந்து நின்றார். அன்றைக்கு அவர் நடக்க வேண்டிய நாள். என் இடத்தைக் கேட்டார். தலையாட்டிவிட்டேன். மூட்டையோடு ஒருவர் நிற்கும்போது எப்படி முடியாது என்பது? அடுத்த முறை வந்தபோது பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன். அதற்கு அடுத்த முறை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று ஞாபகம் இல்லை. பிறகு யாரும் கேட்கவே இல்லை. நான் வந்து சேர்வதற்குள் என் இடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இடம் விசாரிக்கிறவர்களிடம் வேன் அண்ணன், "அந்தக்காவுக்கு நடக்கிறதுதான் இஷ்டம்" என்று சொல்வது என் காதிலும் விழுந்தது.

கோயிலில் ஒரு நாள் நாலு பெண்கள் என்னை வைத்துக்கொண்டே, இப்படி ஒரு நல்ல மனசு யாருக்கு வரும் என்று பேசினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மனசு நல்லதாக இருந்து கொடுக்கவில்லை, வாய் வராமல்தான் கொடுத்தேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அதனால் தினமும் நடந்தேன். குறுக்குப் பாதை வேன் போகிற ரோட்டை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு மேலே ஏறும். இரண்டாவது இடத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இருக்கிறது. வேன் அப்போது ஊர்ந்துதான் போகும் என்பதால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்கிறபோது சரியாக அதுவும் வளைவில் திரும்பும். நான் ஓரமாக ஒதுங்கி நிற்பேன். நடக்க வேண்டிய நாளிலும் யாரிடமாவது இடம் கேட்டு முன் சீட்டைப் பிடித்துவிடுகிற மேல்லயத்து அக்கா, அங்கே இருந்து தலையை நீட்டி ஏதாவது சொல்லாமல் போனதே இல்லை. "என்ன தங்கச்சி, நாளைக்கு எங்களையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போறியா?" என்பார். வேனுக்குள் சிரிப்பு கேட்கும். நானும் சிரித்துவைப்பேன்.

கொஞ்ச நாளில் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. காலையில் மடக்க முடியாது. கரட் கழுவுகிற இடத்தில் நிற்க முடியாதவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் தவறிப்போனதில் இருந்து என் இரண்டு காலை நம்பித்தான் வீடு. என் மகள் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். ஒரு ராத்திரி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே அழுதுவிட்டாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. இல்லன்னா நான் வந்து சொல்றேன்" என்றாள். அவள் வந்து என் பிரச்சினையைப் பேசினால் எனக்கு இன்னும் வெட்கம். நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் என் முறை. கரட் கழுவிக்கொண்டே நாள் முழுவதும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, இன்னைக்கு எனக்கு எடம் வேணும்." இவ்வளவுதான். எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வருவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்று, நடக்கிற ஆட்கள் எல்லாம் எனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். நான் வேனடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. என் இடத்தில் ஒருவர் இருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, ஏதாவது குடுத்து விடணுமா?" என்று கேட்டார் வேன் அண்ணன்.

நான் என் கையில் இருந்த பையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. என் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு மாதிரி நான் ஒரு நாளும் களைத்துப்போனதில்லை.

முதல் தடவை ரோட்டைக் கடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு படிகளில் ஏறினேன். மண் படிகள், எல்லாம் வழுக்கல். கொட்டகைக்குக் கொஞ்சம் கீழே முழங்கால் ஒரு தரம் மடிந்தது. பிறகு நிமிரவே இல்லை. தண்ணீர் ஓடுகிற கானோரமாக இருந்த கல்லில் உட்கார்ந்தேன். மூடுபனி இறங்கி, பக்கத்துத் தேயிலை கூடத் தெரியவில்லை. முன்னால் போனவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். கத்திக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் வாய் வரவில்லை.

மேலே வேன் சத்தம் கேட்டது. மெதுவாக வளைவில் திரும்புகிற சத்தம். கொட்டகையடிக்கு வந்துவிட்டது. இனி அது போய்விடும் என்று இருந்தபோது சத்தம் நின்றது. ஏற்றத்தின் நடுவில். என்ஜினுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். யார் யாரோ பேசுகிற சத்தம், கதவு இழுபடுகிற சத்தம். பிறகு மேல்லயத்து அக்காவின் குரல், "தங்கச்சி! ஏய் தங்கச்சி!" என்று தேயிலைக்குள் இறங்கி வந்தது.

கொட்டகையடியில் என்னைக் காணவில்லை என்று அவர்தான் வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது, மேலே தட்டையான இடத்துக்குப் போய் நிறுத்துகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, நீ நிறுத்தாவிட்டால் ஓடுகிற வேனில் இருந்து இறங்குவேன் என்றாராம்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். என் காலைப் பார்த்தார். பாவாடையை ஒதுக்கி முழங்காலையும் பார்த்தார். அவருக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்.

"இந்தக் காலோடயா இத்தன நாளு நடந்த? நடக்க இஷ்டம்னு சொன்னியே."

"நான் சொல்லலக்கா. அவங்கதான் சொன்னாங்க."

"அப்ப ஒனக்கு என்னதான் வேணும்?"

மழையில் அவர் ஒருவர் மட்டும்தான் நின்றார். அதனால்தான் வாய் வந்ததோ என்னவோ. "எனக்கு நடக்க இஷ்டமில்லக்கா. கால் வலிக்குது. எனக்கு வேன்ல எடம் வேணும்" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அக்கா என் பக்கத்தில் குனிந்தார். பிறகு என் கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டே சொன்னார். "நான் கேக்குறவ. வாயிருக்கு, கேட்டுப் பாப்பேன். நீ இல்லன்னு சொன்னா ரெண்டு வார்த்த வைவேன், அவ்வளவுதான். அதுக்காக எடத்த விட்டுட்டு ஒக்காந்து அழுவியா?"

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதே இல்லை. கேட்கிறவர்களுக்கு இல்லை என்ற பதிலும் ஒரு பதில்தான், அதைக் கேட்டுவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள் என்று.

மேலே போனபோது அண்ணன் பின் சில்லுக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டு, பானட்டில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். முகம் நன்றாக இல்லை. பாரத்தோடு இந்த இடத்தில் இருந்து எடுத்தால் என்ஜினுக்கு ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். நான் நடந்தே வருகிறேன் என்று சொல்லப் போனேன். பழக்கம் அப்படி. அக்கா என் கையை ஓர் இறுக்கு இறுக்கினார்.

"எல்லாரும் எறங்குங்க. இவ மட்டும் ஒக்காரட்டும்" என்றார்.

மா மூட்டை, மரக்கறிப் பை எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்ட பெண் உட்பட அத்தனை பேரும் மழையில் இறங்கினார்கள். அந்த வெற்று வேனின் முன் சீட்டில், அக்காவின் இடத்தில், நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் பிரேக்கை விட்டு, பூனையைத் தூக்குகிற மாதிரி மெதுவாக வண்டியை எடுத்தார். அது ஒரு முறை நடுங்கிவிட்டு நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தலையில் சாக்கும் குடையுமாக அவர்கள் எல்லோரும் வேனுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பும் கேட்டது. எனக்கு அந்த சீட்டில் இருப்பது முள்ளில் இருப்பது மாதிரி இருந்தது. ஆனால் இறங்கவில்லை. கால் அவ்வளவு வலித்தது.

அண்ணன் ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாதுக்கா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவில்லையே.

என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரம் என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. மேல்லயத்து அக்கா உட்கார விடவில்லை. வீக்கமும் மருந்தில் மெல்ல மெல்ல வற்றியது. பிறகு கராஜ் பாஸ் என்ஜினைத் திறந்து பார்த்து, பழகிவிட்டது, இனி முழுப் பாரம் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார். இப்போது வேனில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

இருந்தாலும் நான் தினமும் பின்னேரம் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் எடம் வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். முன் சீட்டில் இருந்து அக்கா, "கேட்டுருச்சு, ஏறு" என்பார். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வாய் உலர்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் அத்தனை நாள் நடந்த ஏற்றத்தைவிட, இந்த ஒரு வார்த்தை ஒன்றும் பெரிய பாரம் இல்லை என்று என் முழங்காலுக்குத் தெரியும்.