சிவப்புச் சீட்டு

ஒரகடம் தொழிற்சாலையின் சாம்பல் சட்டையோடு வந்திருந்த அந்த அம்மா, பேசும்போதும் கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தடவிப் பிசிறு தேடிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பின் விரைவுக் கணித வகுப்பில் அவர் மகளுக்கு இடமில்லையாம்.

"வீட்ல சொல்லித்தர ஆள் வேணும்ல" என்றார் பள்ளி மேடம்.

அந்த அம்மா பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்தார். கழித்துப்போட்ட பாகத்தில் கட்டுவது.

"எங்க லைன்ல ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ணா, இன்னா கொறைன்னு எழுதிக் கையெழுத்து போடணும். போடுங்க மேடம்."

மேடம் சிரித்தார்.

அதே வகுப்பில் பையனைச் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அந்த அம்மா திரும்பினார். "உங்க பையனுக்கு டெஸ்ட் வெச்சாங்களா சார்?"

"இல்லை" என்றேன். நான் இன்ஜினியர் என்பதே போதுமானதாக இருந்தது.

அந்த அம்மாவே சீட்டில் எழுதினார்: 'குறை: அம்மா படிப்பு பத்தாவது.' அதை அறைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போனார்.

மேடம் அவிழ்த்து எறிந்தார். மறுநாள் காலை இன்னொன்று தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது. ஷிப்டுக்குப் போகும் வழியில் கட்டிவிட்டுப் போகிறார் என்றார் வாட்ச்மேன்.

நேற்றைய சீட்டில் வாசகம் மாறியிருந்தது: 'டெஸ்ட் பண்ணாமல் பாஸ் ஆன பீஸ் ஒன்று உள்ளே இருக்கிறது.'

என் பையன்தான். அவிழ்க்கப் போனேன். கை வரவில்லை.