திரைக்கு முதுகு காட்டி நின்றவர்

தாம்பரம் டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்த அக்காவின் பெயர் என் சினிமாக் குறிப்பேட்டில் இல்லை. ஆண்டு மட்டும் உண்டு: 1964. எனக்கு எட்டு வயது.

ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் தொளதொளவென்று ஒரு காக்கிச் சட்டை. படம் தொடங்கியதும் திரையோரம் இருந்த வாசல் தட்டியில் சாய்ந்து, திரைக்கு முதுகு காட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று சிரிப்புப் பேய்ப் படம். கிணற்றிலிருந்து பேய் எழுந்ததும் அம்மாவின் பிடியை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினேன். இனிமேல் சினிமாவே வேண்டாம் என்று அந்த அக்காவிடம் அழுதேன்.

“எங்க ஓட்றே? பேய் உன் பின்னாலயா வந்துகினு கீது? இப்டி நின்னுக்க. அத்தப் பாக்காத, இவங்களப் பாரு.”

பார்த்தேன். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அலறினார்கள். திறந்த வாய் மூடுவதற்குள் சிரித்தார்கள். சர்ச் வகுப்பில் எங்களைச் சிரிக்கவே விடாதவர் ஒருவர், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

“ஐயோ, எங்க சண்டே ஸ்கூல் டீச்சர்!”

“டீச்சரே பயந்துகினுதான் சிரிக்குது. உனக்கு இன்னா? போ, அம்மா தேடும்.”

சிரித்துக்கொண்டே திரும்பிப் போய், கடைசிவரை பார்த்தேன்.

பிறகு அந்தப் படம் மறுபடி வந்தபோதெல்லாம் பார்த்துத் தேதி குறித்துவைத்தேன். கிணற்றுக் காட்சியில் மட்டும் திரும்பிப் பின்னால் இருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பேன். அந்தப் படத்தின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்தது அந்த டிக்கெட் அக்காவால்தான்.

அந்தக் காட்சியை அவர் ஒருதரமாவது பார்த்தாரா, இல்லை அவருக்கும் பயம்தானா? அதைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.