இறக்கத்தில் மட்டும் எழும் டிராக்டர்

எங்கள் பழைய டிராக்டருக்கு செல்ஃப் ஸ்டார்ட் செத்துப் பல வருஷம். மேட்டில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கியரைப் போட்டு கிளட்சை விட்டால்தான் கண் திறக்கும். பிறகு இருமும், புகையும், ஊரையே திட்டும். வேப்பம்பட்டில் வீடு கட்ட வாங்கிய மனையோ முழங்கால் பள்ளம். சுற்றிலும் தோசைக்கல் மாதிரித் தரை. லாரியில் வந்து விழுந்த மண்ணைப் பரப்ப வேண்டிய வண்டிக்கு, அந்த மண்ணிலேயே முதலில் ஒரு மேடு கட்டினேன். சாயங்காலம் ரிவர்ஸில் ஏறி நிற்கும்; காலையில் உற்சவர் மாதிரி இறங்கி வரும்.

பத்து நாளில் பள்ளம் நிரம்பியது. வெள்ளிக்கிழமை பூமி பூஜை. வியாழன் மத்தியானம் வந்த மனைவி மேட்டைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னாங்க, ஈசானிய மூலையில மலை கட்டி வெச்சிகிறீங்க?”

வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் வீடு விளங்காது என்பது அவள் நம்பிக்கை. மேடு இருந்தால் பூஜையில் உட்காரமாட்டேன் என்றாள். மேட்டை எடுத்தால் வண்டி நாளைக்கு எழாது.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லீவு போட்டு வந்திருந்த மச்சினன் வழி சொன்னான்: “அதே மேட்டைத் தென்மேற்குல தள்ளி வெச்சிடு மாமா. முடியிற வரிக்கும் ஆஃப் பண்ணாத, அவ்ளோதான்.”

அணைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் இறங்கவில்லை. கியரை நியூட்ரலுக்கு மாற்றக்கூடப் பயம்; கிளட்சை மிதித்தபடியே வாயைத் திறந்தேன். மனைவி சக்கரத்தின்மேல் ஏறி நின்று புளிசாதம் ஊட்டினாள்.

“மென்னுக்கினே மிதிங்க.”

புரையேறியது. கால் நழுவியது. ஒரு உதறல், அப்புறம் சத்தமே இல்லை. பாதி மேடு இங்கே, பாதி அங்கே, நடுவில் சமதரையில் டிராக்டர். தள்ளினோம். புது மண்ணில் இன்னும் கொஞ்சம் புதைந்ததுதான் மிச்சம்.

விடியலில் ரயில் இறங்கி வந்த சொந்தங்கள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, பக்கத்து மனைக் கொத்தனாரின் பாண்டுச் சட்டிகளில் மீதி மேட்டைத் தென்மேற்குக்குச் சுமந்தார்கள். போதாமல் தாம்பாளங்களும் கைமாறின. “இவ கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ தூக்கல,” என்றார் மாமனார். நல்ல நேரம் கரைகிறதே என்று ஐயரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கடைசியில் மனைவி மனையின் நடுவில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். மண் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. இரண்டாவது குடம் கொஞ்சம் யோசித்தது. பிறகு டிராக்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, மெல்லிய கோடாக, வடகிழக்கே நடந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூஜைப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.