அத்தையின் பரீட்சைக்கு நான் செய்த ஏற்பாடு

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது என் அத்தை ஒரு மாதம் முழுக்க மிளகாய் இல்லாமல் சாப்பிட்டாள். ஐதராபாத்தில் இது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் அப்பா தயிர் சாதத்துக்கே கால் பாட்டில் ஆவக்காயைக் காலி செய்கிறவர். அவருடைய சொந்தத் தங்கை வெறும் பருப்பையும் அவித்த உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அம்மாவோ, “இது என்ன விரதம்னே தெரியலையே” என்று முணுமுணுத்தபடி தாளிக்கும் முன்பே பருப்பைத் தனியாக எடுத்து வைப்பாள்.

மிளகாயோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. ஒரே ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அன்றைய துணியையும் துவைத்துவிடுவாள். கிழித்த காலண்டர் தாள், சோடா மூடி, புளியங்கொட்டை எல்லாவற்றையும் ஒரு டின்னில் சேர்த்து வைப்பாள். நான் வால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஏன்’ என்று கேட்க வராது. ‘கைக்கு’ என்றுதான் வரும். “கைக்கு அத்தை? புளியங்கொட்டை கைக்கு?” என்று நான் கேட்கக் கேட்க அவள் அலுக்காமல் பதில் சொல்வாள். உலகத்தில் என் கேள்விகளுக்கு அலுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அத்தைதான்.

விஷயம் இதுதான். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த அத்தை, தான்சானியாவில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கணக்குச் சொல்லித்தரப் போவதாக முடிவு செய்திருந்தாள். அப்படி ஆட்களை அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். அங்கே மிளகாயும் குழாய்த் தண்ணீரும் கிடைக்குமோ கிடைக்காதோ என்றுதான் இந்த ஒத்திகை. டின்னில் சேர்ந்த புளியங்கொட்டையும் சோடா மூடியும் அங்கே பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லித்தர.

அது எல்லோருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்த காலம். எங்கள் வரிசையில் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் விடிந்தால் பஸ் பிடித்து அமீர்பேட்டுக்குக் கோர்ஸ் படிக்கப் போனார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய அம்மாக்கள் விசா கிடைத்தது என்று லட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு அந்த லட்டு ஒவ்வொன்றும் தொண்டையில் சிக்கியது. “ஊர்ல இருக்கிற பசங்கல்லாம் அமெரிக்கா போவுது. இது மட்டும் ஆப்பிரிக்கா போறேங்குது. அதுவும் சம்பளம் இல்லாம!” என்று அம்மாவிடம் சொல்வார். தங்கையிடம் நேராகச் சொல்லத் தைரியம் கிடையாது. கடைசியில் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாரு பாப்பா, இந்த ஒரு தடவைதான். அவங்க உன்னை எடுத்துக்கிட்டா போ, நான் குறுக்க நிக்கல. எடுத்துக்கலன்னா பேசாம அமீர்பேட்ல சேர்ந்துடணும்” என்றார். அத்தை சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு தார்நாகாவுக்குப் போவாள். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த தான்சானியா அக்கா ஒருத்தி அங்கே வாடகை அறையில் இருந்தாள். அத்தை அவளிடம் சுவாஹிலி கற்றுக்கொண்டாள். எனக்கும் மோஜா, ம்பிலி, டாட்டு என்று மூன்று வரை எண்ண வந்தது. அந்த அக்கா எங்களைவிட நன்றாக ஐதராபாத் ஹிந்தி பேசுவாள். நான் இரண்டாவது பிஸ்கட்டை நக்கோ என்று மறுத்தால், “நக்கோ நக்கோ சொல்லாதே, சாப்பிடு” என்று அந்த ஹிந்தியிலேயே அதட்டுவாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை எல்லாம் ஒரே அறையில் உட்காரும் என்று ஒருநாள் சொன்னாள். மறுநாளே அத்தை என்னையும் சேர்த்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பதினைந்து பேரைத் திரட்டி, சிமெண்ட் பேட்மின்டன் கோர்ட்டில் வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டாள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று எது வாய்க்கு வந்ததோ அதில் பாடம் நடந்தது.

பிறகு கடிதம் வந்தது. நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் சனிக்கிழமை காலை வருவார்கள், அத்தை அதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைப் பார்ப்பார்கள், பிறகுதான் முடிவு.

இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இது இன்ஸ்பெக்‌ஷன்! எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எங்கள் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார்: “கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை.” மறுநாள் அத்தனை கைகளும் உயரும். டீச்சர் வலது கைகளாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரி பேஷ் பேஷ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மற்ற பதினாலு பேரையும் நிற்க வைத்து ஒத்திகை பார்த்தேன். லைன்மேன் மகன் சீனுவுக்கு எது இடது கை என்பதே சந்தேகம். மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டிவிட்டேன். அத்தையிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. டீச்சர் ஆகப் போகிறவளுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கண்ணாடி போட்ட ஒரு மேடமும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ காத்திருப்பவர் போல நின்றார். அன்றைக்குப் பின்னப் பாடம். அத்தை ஒரு தட்டில் சப்பாத்திகள் கொண்டுவந்திருந்தாள்.

“சப்பாத்தியில மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?”

பதினைந்து கைகளும் சட்டென்று மேலே போயின. சாரின் புருவமும் உயர்ந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தையின் முகம் மலர்ந்தது. எல்லாக் கைகளையும் சந்தோஷமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “சீனு, நீ சொல்லு” என்றாள்.

சீனு எழுந்தான். என்னைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நூல் கட்டிய கையை இன்னும் உயர்த்தி, “நேனு எடம செய்யி எத்தானு கதா டீச்சர்!” என்று கத்தினான். இடது கையைத்தானே தூக்கியிருக்கிறேன் என்று நியாயம் கேட்டான், பாவம்.

மேடத்துக்குத் தெலுங்கு தெரியும் போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அமீர்பேட் பஸ்ஸில் அத்தை ஏறுவது என் கண்ணுக்கே தெரிந்தது.

பிறகு அவள், “இடது கை தூக்கினவங்கல்லாம் முன்னால வாங்க. வலது கை எல்லாம் பின்னால போய் உக்காருங்க” என்றாள். ஒன்பது பேர் முன்னால் போனார்கள். அத்தை தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீனுவிடம் எந்தப் பங்கு வேண்டும் என்று கேட்டாள். நாலுதானே பெரிய நம்பர்? அவன் நாலில் ஒன்றைக் கேட்டான். ஒரு சப்பாத்தியை நாலாகப் பிய்த்து ஒரு துண்டை அவனிடம் கொடுத்தாள். இன்னொன்றை மூன்றாகப் பிய்த்து ஒரு துண்டைத் தான் வைத்துக்கொண்டாள். சீனு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மோசம் டீச்சர்!”

“என்ன மோசம்? நீ கேட்டதுதானே?”

அவன் நாலு துண்டுகளையும் தட்டில் மறுபடி வட்டமாகச் சேர்த்து வைத்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். கடைசியில், இந்தச் சப்பாத்திக்கு நிறையப் பேர் வந்துவிட்டார்கள், அதனால்தான் என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னான். விடையை மனப்பாடம் செய்து வலது கையைத் தூக்கியிருந்த எனக்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. அத்தை அடுத்த கேள்வி கேட்டபோது பதினைந்து பேரும் இடது கையைத் தூக்கினோம். சப்பாத்தி முன்னால்தானே இருந்தது!

வகுப்பு முடிந்ததும் இது யாருடைய ஏற்பாடு என்று மேடம் கேட்டார். பதினாலு விரல்கள் என்னைக் காட்டின. அவர் என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் ஏன் என்று விசாரித்தார்.

“அத்தை ஃபெயிலாகக் கூடாதுன்னு” என்றேன்.

“பாஸானா உன்னை விட்டுட்டுப் போயிடுவாங்களே?”

“ஹவ்!” என்று தலையை ஆட்டினேன். ஆமாம், அதற்குத்தானே இவ்வளவு பாடு? மேடம் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அத்தையை எடுத்துக்கொண்டார்கள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேகம்பேட் ஏர்போர்ட்டில் அம்மா அழுதாள். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விமானம் கிளம்புவதை வெளியே நின்று பார்க்கும் அவசரத்தில் நான்தான் நெளிந்து விடுவித்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சிரித்த முகமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

அத்தையின் கட்டில் எனக்கு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் கை காலைப் பரப்பிக்கொண்டு படுத்தேன். இரண்டு வருஷம் என்றால் எழுநூற்று முப்பது நாள் என்று நானே போட்டுப் பார்த்தேன். தொகை சரியாக வந்தது. ஆனால் அது எவ்வளவு நீளம் என்பது மட்டும் பிடிபடவில்லை. சாயங்காலம் அத்தை வந்ததும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.